ஆறு முப்பத்தெட்டு

நள்ளிரவில் கிளப்பிவிட்டார்கள்.
ராயக்கோட்டை சாலையில் இருபத்தைந்து போய்
இருபத்தைந்து திரும்பவேண்டும்.
மற்றவர்களுக்குக் கடிகாரம்.
எனக்குச் சூரியன் வருவதற்குள் வந்துவிடவேண்டும், அவ்வளவுதான்.
மார்கழியில் அது ஆறு முப்பத்தெட்டுக்கு எழுகிறது.
காலண்டரில் கிழித்த தாளை
பர்சில் மடித்து வைத்திருக்கிறேன்.

வெயில் பட்டால் முதலில் கன்னம்,
பிறகு முழங்கால், பிறகு விரல் கணு,
பிறகு ஒரு வாரம் படுக்கை.
மாந்தோப்புக்கு வைத்த காவல் நாய்
தோட்டக்காரனையே கடிக்கிறது,
அவன் பெயர் சொல்லி அதட்டினாலும் விடவில்லை.
பெங்களூர் டாக்டர் லூபஸ் என்றதை
திம்மராயனுக்கு இப்படித்தான் சொன்னேன்.
நாயைக் கட்ட முடியாதா என்றார்.
கட்டத்தான் மாத்திரை.
கயிற்றின் நீளம்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாம்பழக்கூழ் ஆலையில் என் வேலை
சர்க்கரை அளவு பார்ப்பது.
பதினாறு பிரிக்ஸ், பதினேழு பிரிக்ஸ்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வேறொருத்தி என் சிறுநீரில் புரதம் பார்க்கிறாள்.
அவளும் என்னைப் போலவே
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொள்கிறாள்.

ஸ்டீராய்டு என் முகத்தை உருட்டிய வருடம்
ஷூவை மேல்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன்.
அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவாள்.
திரைக்குப் பின்னால் நின்று
குதிகால் ஒருபக்கமாகத் தேய்வதைப் பார்ப்பேன்.
சொல்லலாமா வேண்டாமா என்றிருக்கும்.

திரும்ப ஆரம்பித்தது மின்கம்பங்களில்.
ஒன்றிலிருந்து அடுத்தது வரை.
பிறகு இரண்டு, பிறகு மூன்று.
ஒரு கோடை முழுக்க மூன்றிலேயே நின்றது.

பதினெட்டில் தக்காளி லாரிகள்.
ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.
"யாரும்மா தொரத்தறாங்க?"
"இன்னும் எழுந்திரிக்கலைங்கண்ணா" என்றேன்.

திருப்பத்தில் ஷமீம்
உப்பும் எலுமிச்சையும் கலந்து வைத்திருந்தாள்.
மூன்று மணி நான்கு நிமிடம்.
கணக்கு சரியாக இருந்தது.
கணக்கு சரியாக இருக்கும்போதெல்லாம்
எனக்குக் கொஞ்சம் பயம்.

முப்பத்தைந்தில் இடது இடுப்பு.
நடந்தேன். எண்பது எண்ணி ஓடினேன். நடந்தேன்.
ஏழு வருடத்துக்கு முன்னால் ஓடியவள்
பக்கத்தில் வந்து, எதுவும் பேசாமல், தாண்டிப் போனாள்.
போகட்டும்.
அவளுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் மருந்துக்கடைகளைப் பற்றி
எதுவும் தெரியாது.

திரும்பும் வழி கிழக்கு.
இதை நான் யோசித்திருக்கவில்லை.
யாரிடமிருந்து ஒளிய வேண்டுமோ
அவருக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு ஓடும் சாலை.
பாறை விளிம்பு ஈயமாக இருந்தது, பிறகு செம்பு.
புளியமரங்களின் நிழல் இன்னும் விழத் தொடங்கவில்லை.
நாற்பத்து நான்காவது கல்லில்
ஆறு முப்பத்தெட்டு.

அடுத்த வளைவில் டிவிஎஸ் வண்டியைச் சாய்த்துப் போட்டு
திம்மராயன் நின்றிருந்தார்,
கையில் பெரிய கறுப்புக் குடை.
"இதைப் பிடிச்சிட்டு ஓடலாம்னு ரூல் இருக்கா?"
"ஓடக்கூடாதுன்னு இல்லை."

மேகமில்லாத காலையில்
முழுக்கைச் சட்டை, கையுறை, குடை.
பால்கேன்காரர் வண்டியை நிறுத்தியே விட்டார்.
காற்று குடையைப் பின்னுக்கு இழுக்கிறது,
நான் அதை முன்னுக்கு,
நடுவில் என் தோள்பட்டை.
கம்பத்துக்கு ஒருமுறை கை மாற்றிக்கொண்டேன்.
எத்தனை கம்பம் என்று எண்ணவில்லை.

ஏழு நாற்பத்தொன்று.
பதாகையின் ஒரு பக்கத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த பையன்
மறுபடி தூக்கிப் பிடித்தான்.
குடையை மடக்காமலேயே அடியில் நுழைந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன்.
விடுப்புக் கடிதம் போன வாரமே கொடுத்துவிட்டேன்.
காரணம் என்ற இடத்தில்
சொந்த வேலை என்று எழுதியிருந்தேன்.